குழாய் வாயில் பச்சைச் சாயம்

காஞ்சனாவுக்கு அலுத்துவிட்டது. ஞாயிறு விடிந்தால் குகட்பள்ளி ஏரியில் பாட்டிலை முக்கித் தண்ணீர் எடுத்துச் சோதிக்கச் சொல்லி யாரும் அவளைக் கூலிக்கு அமர்த்தவில்லை. தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. கூட வந்தவர்கள் முட்டிவலி, மகள் பிரசவம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவள் மட்டும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். பாட்டிலில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, மீன் மூச்சுவிடக்கூட இதில் காற்று இல்லை என்று வாட்ஸப் குழுவில் போடுவாள். நாலு பேர் கைகூப்புவார்கள். அவ்வளவுதான் கைங்கரியம்!

ஏரிக்குள் கழிவு கொட்டும் குழாய்க்கு மேலே இரண்டு அடுக்குமாடிகள். ஒன்றில் காஞ்சனா, மற்றதில் லலிதாம்பாள். மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதிகள். "உங்க பில்டிங் சாக்கடைதாண்டி இது" என்று குழுவில் எல்லார் முன்னாலும் காஞ்சனா எழுதிவிட்டாள். "ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்ட லலிதாம்பாள் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். போன தீபாவளிக்கு அவள் வீட்டு மைசூர்பாகுகூட வரவில்லை. காஞ்சனா அழுதாள். ஆனால் ரோஷம் விடுமா?

ப்ரூஃப்தானே, காட்டிவிடுவோம் என்று கிளம்பினாள். தன் வீட்டுக் கழிவறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டினால் அது குழாயில் வராது என்பது அவள் கணக்கு. வராவிட்டால் மிச்சமிருப்பது லலிதாம்பாள் பில்டிங்தானே? கணவர் விஸ்வநாத்தை வாளியோடு வீட்டில் நிறுத்திவிட்டு, போனில் வீடியோவை ஓடவிட்டபடி குழாய் வாயருகே நின்றாள்.

கால் கடுத்தது. கறுப்புத் தண்ணீர் வந்தது, மறுபடி கறுப்பு. அப்புறம், அடக் கடவுளே, கிளிப்பச்சை!

வீடியோவை நிறுத்தியதும் விஸ்வநாத் கூப்பிட்டார். "என்ன, வரலியே? நம்மது நேரா மெயின் லைனுக்குப் போகுதுன்னு பில்டர் சொன்னானே."

"ஹவ், சொன்னான்தான். ஆனா வந்துருச்சுங்க."

"இன்னொரு வாளி ஊத்தவா?"

"நக்கோ, வேணாம். போதும்."

வேறு யாரும் பார்க்கவில்லை. வீடியோவை அழித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உடம்பு அதைத்தான் கேட்டது. இத்தனை நாள் தன் வீட்டு அசிங்கத்தையா முகர்ந்து பார்த்து ஊரைத் திட்டினோம் என்று அவமானம் பிடுங்கித் தின்றது. லலிதாம்பாளின் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறினாள்.

லலிதாம்பாள் கதவைத் திறந்தாள்.

"ப்ரூஃப் கேட்டியே லலிதா" என்று காஞ்சனா போனை நீட்டினாள்.

லலிதாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். "எந்த பில்டிங்?"

"எங்களுது."

லலிதாம்பாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். காஞ்சனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல காலக் கழுவிட்டு உள்ள வா. நாறுதுடி."