ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

எங்கள் பள்ளியின் பெயரில்தான் தோட்டம் இருக்கிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, அதையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். பள்ளி சிம்பாங் பூலாய் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. அங்கே இரண்டாம் ஆண்டுக்கு நான் ஆசிரியை. பக்கத்து அறையில் முதலாம் ஆண்டு, என் மகளும் அதில்தான். அந்த வகுப்புக்கு ஓர் இளம் ஆசிரியை வந்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன், பொறாமைதான்.

என் வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதி வேண்டுமென்றால் ரூலரால் மேசையைத் தட்டித் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவள் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. டுரியான் மரத்தடியில் ஒரு யானைக்குட்டி பழம் விழக் காத்திருக்கும் கதை அது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் காட்டுவாள். பிறகு மூடி, ரிப்பன் கட்டி, அலமாரிக்கு மேல் வைத்துவிடுவாள். கெஞ்சினாலும் அவிழ்க்கமாட்டாள்.

"முழுசா படிச்சுக் காட்டினா பத்து நிமிஷம். அதுக்குப் போயி ரெண்டு வாரமா?" என்று கேண்டீனில் குத்தலாகக் கேட்டேன்.

"காத்திருக்கத்தான் சொல்லிக் குடுக்குறேன்க்கா. கதை சும்மா லா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஈப்போவுக்குக் காரில் திரும்பும்போதெல்லாம் என் மகள் பேசுவது அவளைப் பற்றி மட்டும்தான். அடுத்த தோசை வரும்வரை பொறுக்காமல் தட்டைத் தட்டுகிறவள், அந்த யானைக்காக நாள் நாளாகக் காத்திருந்தாள். நான் பெற்ற பிள்ளை, எனக்காக ஒரு நாளும் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரு நாள் அந்த ஆசிரியை குர்சுஸ் என்று ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டாள். அவள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். ஓய்வு மணி அடித்துப் பிள்ளைகள் ஓடியதும், நாற்காலி போட்டு ஏறி, ரிப்பனை அவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதேபோல் கட்டி வைத்தேன்.

"அம்மா, நாளைக்குத்தான் கடைசிப் பக்கம். பழம் விழுந்துருமா?" என்று காரில் கேட்டாள் மகள்.

"பழம் விழுறப்ப யானை தூங்கிரும். அணில்தான் வந்து எழுப்பும்."

அம்மாவுக்கும் எல்லாம் தெரியும் என்று துள்ளிக் குதிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்றே நம்பினேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா சொன்னீங்க? நான் இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தேனே!"

வீடு வரும்வரை அழுதாள். வழியில் வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங்கைத் தொடவே இல்லை. மறுநாள் பழம் விழுந்ததும் எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்களாம். அவளும் தட்டினாளாம். முடிவு தனக்கு முன்பே தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புதிய புத்தகம் தொடங்கியது. பள்ளி விட்டதும், "இந்தத் தடவை என்ன கதைடா செல்லம்?" என்று கேட்டபடி காரைக் கிளப்பினேன். திரும்பிப் பார்த்தேன்.

என் மகள் இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.