கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள்

நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது முப்பத்தைந்து வயதில், கையில் கொத்தனார் கரணையோடு. மாகறல் பக்கம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் புதுக் கக்கூஸ் கட்ட மேஸ்திரி தேடினார்கள். நான்தான் கட்டுவேன் என்று போய் நின்றேன்.

காரணம் என் பெண். இரண்டாம் வகுப்பு. பழைய கக்கூஸுக்குக் கூரை போய் ரொம்ப நாளாகிவிட்டது. மத்தியான மணி அடித்ததும் சத்துணவு முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். வந்த வேலை முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பள்ளிக்கூடமாவது ஒன்றாவது. ஒரு நாள்கூடப் படிக்காத அப்பனுக்கு அரை நாள் படிக்கிற பெண் என்பதே முன்னேற்றம்தான். ஆனால் எனக்கு அந்த மிச்ச அரை நாளும் வேண்டியிருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு டைல்ஸ் ஒட்டிய கை இது. சும்மா விடுமா? வெள்ளை டைல்ஸ், மேலே டேங்க், வெளியே இரண்டு குழாய், பச்சைக் கதவு. தலைமை ஆசிரியை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்க வீட்ல கூட இப்டி இல்ல மேஸ்திரி" என்றார். அந்தப் பெருமையில் மறுநாள் நான் வேலைக்கே போகவில்லை.

மத்தியானம் மணி அடித்தது. என் பெண் முட்டையோடு ஓடி வந்தாள்.

"இன்னாமா, இங்க எதுக்கு வந்த?"

நின்று பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை. போய்விட்டு வந்துதான் சொன்னாள்.

"தாப்பா எட்டல பா."

"கூட ஒருத்திய கதவப் புடிச்சிக்கச் சொல்றது."

"புடிச்சிக்கினுதான் இருந்தா. முட்டை போடுறாங்கன்னதும் உட்டுட்டு ஓடிட்டா. நல்ல வேளை, நான் உக்காரல."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "யாருக்குக் கட்டுறோம்னு கேட்டியா நீ?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்குன்னாங்க."

"அங்க யாரு இருப்பாங்க?"

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது பள்ளிக்கூடம் போகாதவனுக்கு எப்படித் தெரியும்? என் கை போன இடத்தில் தாழ்ப்பாள், என் இடுப்புக்குச் சரியாகக் குழாய். எனக்காகவே கட்டியிருக்கிறேன்.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். ஒன்றாம் வகுப்பை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் கை எட்டும் இடத்திலும் கதவில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒருவன் மட்டும் குதித்தான்.

"எகிறாதடா."

"அவசரம்னா எகிறுவேன் மேஸ்திரி."

தாழ்ப்பாளைக் கழற்றி, இருப்பதிலேயே கீழ்க்கோட்டில் மண்டிபோட்டு அடித்தேன். குழாயையும் இறக்கினேன்.

"அப்ப நாங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"நீங்க குனிஞ்சிக்கிங்க டீச்சர்."

சோதித்துப் பார்க்க உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். எழுந்து நின்றதும் கை பழக்கத்தில் பழைய இடத்துக்கே போனது. அங்கே நான்கு ஓட்டைதான் இருந்தது. துழாவிக்கொண்டே நின்றேன். வெளியே ஒரு வரிசையே கதவைத் தட்டியது.

என் பெண் குரல் கேட்டது. "கீழப் பாருப்பா."

மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. மணி அடித்தது. யாரும் வரவில்லை. திரும்ப வகுப்புக்கு மணி அடித்தது. அப்போதும் வரவில்லை. மனசு கேட்காமல் பள்ளிக்கூட கேட் வரை போனேன். குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முட்டை தீந்துட்ச்சிப்பா. வூட்டுக்குப் போ" என்றுவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.