தட்டில்லாத சாப்பாடு

ஆறிப்போகும் சாப்பாட்டுக்கு மேலே கைபேசியைப் பிடித்தபடி, ஒரு வாய்கூட வைக்காமல் எல்லோரும் காத்திருந்த அந்த முதல் மதியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஹம்பேர்க்கில் நான் வேலை செய்த பொதிக் களஞ்சியத்தில் நிர்வாகம் ஒரு புதிய செயலியைக் கொண்டுவந்திருந்தது. தட்டைப் படம் எடுத்து அனுப்பினால் அது புள்ளி போடும். காய்கறிக்குப் பச்சை, பொரித்ததற்குச் சிவப்பு. அதிகம் பச்சை வாங்கும் பிரிவுக்கு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை. நத்தார்ப் பொதிகளைத் தூக்கி முதுகு ஒடிந்த எங்களுக்கு அது சின்ன ஆசை அல்ல.

எங்கள் பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். நீரிழிவு வந்த பிறகு சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, பூசணி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் குழைத்துக் கொண்டுவருவார். இடைவேளையில் கையைக் கழுவிவிட்டு, உருண்டை பிடித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. கோலாவும் கிழங்குப் பொரியலுமாகவே இருந்த போலந்துக்காரர் ஒருவரும் எங்கள் பிரிவில் இருந்தார்; முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவர்தான் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். “இவன்ரை கையைப் பார், கோயில்லை பிரசாதத்துக்கு நிக்கிற மாதிரி” என்று அக்கா சிரிப்பார்.

செயலிக்கு உள்ளங்கை விளங்கவில்லை. தட்டைக் காணவில்லை என்று எங்கள் படங்களையெல்லாம் தள்ளிவிட்டது. நாங்கள் கடைசி இடத்துக்குப் போனோம். அடுத்த பிரிவிலோ ஒரே சாலட் கிண்ணத்தை ஆளாளுக்கு மாற்றிப் படம் பிடித்துவிட்டுப் பொரித்த சொசேஜ் சாப்பிட்டார்கள். எங்கள் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரும் அதையே கேட்டார்: போட்டி முடியும்வரை சட்டி வேண்டாம், ஆளுக்கொரு சாலட்டைப் படம் எடுங்கள், சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “சோறு திண்டதுக்குப் போன் சாட்சி சொல்லவேணுமோ? தங்கச்சி, அவருக்குச் சொல்லு. நான் தட்டுக்குச் சமைக்கேல்லை, ஆக்களுக்குத்தான் சமைக்கிறன். சட்டியை நிப்பாட்ட ஏலாது.”

வழக்கமாக அக்காவின் காரத்தைக் குறைத்துத்தான் ஜெர்மனில் சொல்வேன். அன்று குறைக்கவில்லை. விடுமுறை போனால் எல்லோரும் எங்கள் இருவரையும்தானே ஏசுவார்கள். போலந்துக்காரர் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து சட்டிக்கு முன்னால் நீட்டினார். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள்.

விடுமுறை சாலட்காரர்களுக்குத்தான் போனது. அன்று அவர்களின் பொதிகளையும் நாங்களே தூக்கினோம். “தூக்குவம், வயித்திலை சோறு கிடக்குத்தானே” என்றார் அக்கா.

இப்போது அவர் கொலோனில் மகளோடு இருக்கிறார். நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். நல்லதைச் சாப்பிடச் சொல்லி ஆட்களைத் தூண்டுவதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புள்ளிக்காகக் கோலாவை விட்ட ஒருவரையும் நான் காணவில்லை. பக்கத்தில் ஒருத்தி உருண்டை பிடித்துத் தந்ததால் விட்டவரைக் கண்டிருக்கிறேன். போன கிழமை இங்கேயும் அப்படி ஒரு செயலியில் சேரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அடுத்த நாள் காலை, எல்லோருக்குமாகச் சோறு குழைத்த, தூக்கமுடியாத பாரமான ஒரு சட்டியோடு வேலைக்கு ரயில் ஏறினேன்.