ஃபிளோரா வைத்த சேனை

ஃபிளோரா விசா ஏஜெண்ட் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நீடாமங்கலத்தைச் சுற்றியிருந்த எட்டு ஊரில் ஒரே ஒரு ஆள்கூட இதை நம்பவில்லை.

நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருந்த காலம். துபாயில் கம்பெனிகள் மூடுகின்றன என்று பேச்சு அடிபட்டாலும், போகிறவன் போய்க்கொண்டுதான் இருந்தான். அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு பொம்பளை பழைய டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்குகிறாள். தோளில் ரெக்சின் பை, பைக்குள் டைரி. வெளிநாட்டிலிருந்து வந்தவன் வீட்டை விசாரித்துப் போகிறாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எத்தன வருஷம் இருந்தீங்க? திரும்பப் போற யோசனை இருக்கா? மெடிக்கல் எடுத்தாங்களா?" என்று கேட்கிறாள். இவள் ஏஜெண்ட் இல்லையென்றால் வேறு யார்தான் ஏஜெண்ட்?

"நான் ஏஜெண்ட் இல்லீங்க" என்று அவளும் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்த காதர் மைதீன் சிரித்தார். "போலீசு புடிக்குற காலத்துல எந்த ஏஜெண்ட்டும்மா ஒத்துக்குவான்? நல்ல ஏஜெண்ட்டுன்னா இல்லைன்னுதான் சொல்லணும். சக்கரை தூக்கலாப் போடவா?"

அவள் வேலை வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தில் அவள் களப்பணியாளர். தொற்று இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பாள். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று கேட்பாள், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவாள். இல்லாதவர்களுக்கு வராமல் தடுப்பதும் அவள் வேலைதான். ரயில்வே கேட் போட்டால் வண்டிக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஃபிளோராவுக்கு மட்டும் கொண்டாட்டம். நிற்கிற லாரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, ஆணுறைப் பொட்டலத்தைக் கொடுத்து, எப்படிப் போடுவது என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுத்தான் விடுவாள். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புகிற டிரைவரிடம், "என்ன அண்ணே, நான் வெக்கப்படணும், நீங்க படுறீங்க" என்பாள். கேட் திறப்பதற்குள் அவனே இரண்டு பொட்டலம் அதிகமாகக் கேட்பான்.

அவளுக்கும் அந்தத் தொற்று இருந்தது. கணவன் ஆல்பின் பம்பாயில் வெல்டிங் வேலை பார்த்தவன். நோயோடு வந்து தொண்ணூற்றெட்டில் இறந்துபோனான். மகன் ஜோஸ்வா மூன்று வயதில் போனான். பிள்ளை பெற்றபோது அவளுக்குத் தன் உடம்பில் இருப்பதும் தெரியாது, பிள்ளைக்குப் போகாமல் தடுக்க மருந்து உண்டு என்பதும் தெரியாது. அந்த ஒரு நினைப்பில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது. மற்றபடி, அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. மாத்திரை ஆரம்பித்த இரண்டு வருஷத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டதாக எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். ஏன் மெலிந்திருந்தாள் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

போகப் போக அவள் மறுப்பதையும் விட்டுவிட்டாள். ஏஜெண்ட் என்று ஊர் நினைக்கிறவரைக்கும், அவள் படியேறுகிற வீட்டை யாரும் சந்தேகமாகப் பார்க்கமாட்டார்கள். பொறாமையாகத்தான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டோடு தேடி வருகிற பையன்களையும் அவள் சும்மா விடுவதில்லை. "விசாவெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா மெடிக்கல்ல அவன் எதையெதைப் பாப்பான்னு தெரியும். ஒக்காருங்க, சொல்றேன்" என்று அரை மணி நேரம் பாடம் எடுத்துவிடுவாள். ஊரும் சந்தோஷம், அவளும் சந்தோஷம்.

அந்த எட்டு ஊரில் ஒன்றான பூந்தோட்டக் கட்டளையில், நாகம்மாள் வீட்டில்தான் இந்தச் சந்தோஷம் அவளைக் காலை வாரிவிட்டது.

நாகம்மாளின் மகன் தமிழரசன் துபாயிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன். விசா புதுப்பிக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது, ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். அம்மாவிடம், "கம்பெனிய மூடிட்டான்" என்று சொல்லிவிட்டான். அந்த வருஷம் அதை யார் சந்தேகப்படுவார்கள்! அவன் மனைவி ஜெயபாரதிக்கும் தொற்று இருந்தது, அவள் நிறைமாதக் கர்ப்பிணி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், ஃபிளோராவுக்குத் தெரியும். நாகம்மாளுக்குத் தெரியாது.

குழந்தைக்குத் தொற்று போகாமலிருக்க, வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும், பிறந்ததும் குழந்தைக்குச் சில சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். இரண்டும் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் நாகம்மாள் டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமைப் பேசி முடித்துவிட்டாள். "ஃபாரின்காரன் பொண்டாட்டி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பாய விரிச்சுப் படுப்பாளா? ஊரு என்ன பேசும்?" என்பது அவள் நியாயம். ஜெயபாரதிக்குத் தாய் இல்லை, பிறந்த வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளவும் வழியில்லை.

அதுவரை ஃபிளோராவுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. புருஷனின் அண்ணனான மச்சாண்டாரின் மகனைக் கத்தாருக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கில், அவள் போகும்போதெல்லாம் நாகம்மாள் டிகிரி காப்பி போட்டுக் கொடுப்பாள். அன்று போனபோது காப்பி இல்லை. நாகம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். கையில் ஜெயபாரதியின் ஆஸ்பத்திரி ஃபைலுக்காக எடுத்த இரண்டு போட்டோ.

"இந்தாம்மா, நில்லு. கொல்லப்பக்கம் வச்சு எம் மருமவகிட்ட குசுகுசுன்னு என்ன பேசுறே? இது எதுக்கு போட்டோ? புள்ளத்தாச்சிய குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பாக்குறியா? நீ நல்லா இருப்பியா?"

வேறு சமயமாக இருந்தால் ஃபிளோரா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது முடியவில்லை. உள்ளே ஜெயபாரதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைக்கோல் போரருகே நின்றிருந்த தமிழரசன், "அம்மா, அது வந்து..." என்று வாயெடுத்தான். அவனைப் பார்த்து ஃபிளோரா வேண்டாம் என்று தலையாட்டினாள். அது அவன் சொல்லவேண்டிய நேரமில்லை, இப்படி வாசலில் சண்டைக்கு நடுவே சொல்கிற விஷயமும் இல்லை. இன்னொருத்தர் ரகசியத்தை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது. சொல்வதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு ரகசியம் இருந்தது.

"பெரியம்மா, உள்ள போய்ப் பேசுவோமா? நான் ஏஜெண்ட் இல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பன்னெண்டு வருஷமா."

நாகம்மாளின் கை இறங்கியது. உள்ளே போனார்கள். ஃபிளோரா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினாள். "எம் புள்ள ஜோஸ்வா மூணு வயசுல போயிட்டான், பெரியம்மா. அப்ப மருந்து இல்ல, இருந்தாலும் எனக்குத் தெரியாது. இப்ப தஞ்சாவூர்ல இருக்கு. எந்த வீட்டுப் புள்ளத்தாச்சியப் பாத்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன். யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

நாகம்மாள் கையிலிருந்த போட்டோ இரண்டையும் ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு திடுக்கென்று திரும்பினாள்.

"அப்ப எங்க மச்சாண்டார் மவன் பாஸ்போர்ட்ட என்ன பண்ணுனே?"

"ஐயோ பெரியம்மா, நான் வாங்கவே இல்ல! அந்தா, மாரியம்மன் படத்துக்குப் பின்னாலதான் சொருகி வச்சிருக்கீங்க."

நாகம்மாள் எழுந்து படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாள். இருந்தது. தூசி தட்டி மறுபடி வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த மருந்து நர்சிங் ஹோம்ல கெடைக்காதா?"

"கெடைக்காதும்மா."

"அப்பத் தஞ்சாவூருக்கே போவோம். ஊரு கெடக்கு ஊரு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மகன் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் புரிந்துகொண்டாள் என்பது, அடுப்படியில் வெகுநேரம் சும்மாவே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்ததில் ஃபிளோராவுக்குத் தெரிந்தது. பிறகு காப்பி வந்தது. எப்போதும் கொடுக்கிற அதே பித்தளை டபரா செட். ஃபிளோரா சூட்டோடு சூடாகக் குடித்தாள், நாக்கு பொத்துப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் ஜெயபாரதிக்கு வலி கண்டது. வாடகைக் காரில் போனார்கள். மாத்திரை நேரத்துக்குக் கிடைத்தது, மதியம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேமுக்கால் கிலோ. ஃபிளோரா வராந்தாவில் நின்று ஒரு ஸ்தோத்திரமும், நாகம்மாளைத் திருப்திப்படுத்த ஒரு மாரியம்மா தாயேயும் சொல்லிக்கொண்டாள்.

அங்கேதான் அடுத்த கலாட்டா. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவர் குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடுமாம். அதனால் ஊரிலேயே நல்ல மனுஷியாகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். நாகம்மாள் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த கிண்ணத்தில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் ஆனந்தவல்லி பாய்ந்து வந்தாள்.

"என்ன பண்றீங்க? ஒரு சொட்டு தண்ணி உள்ள போகக் கூடாது! சர்க்கரை, தேன், கழுதப்பாலு எதுவும் ஆகாது!"

"சேனை வைக்காத புள்ள ஒலகத்துல உண்டாம்மா? குணமில்லாமப் போயிடாது?"

"குணத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல மருந்து" என்று நர்ஸ் அளந்து எடுத்த சொட்டு மருந்தைக் காட்டினாள். "இதுவும் இனிப்புதான். இதையே சேனைன்னு வச்சுக்குங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், யார் வைக்கிறீங்க, சொல்லுங்க."

நாகம்மாள் தன் அண்ணியைத்தான் வரச் சொல்லியிருந்தாள், அண்ணி நாலு பிள்ளை பெற்ற சுமங்கலி, கதவருகே புதுப்புடவையோடு தயாராக நின்றாள். நாகம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "நீ வை" என்றாள் ஃபிளோராவிடம்.

ஃபிளோரா ஓர் அடி பின்வாங்கினாள். புருஷனும் பிள்ளையும் போனவள். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சேர்க்காமல் ஒரு மூலையில் தனி இலை போடப்பட்டவள். "நானா? வேணாம் பெரியம்மா. எங்கிட்டேயிருந்து போயி இந்தப் புள்ளைக்கு என்ன வரணும்? விளையாடாதீங்க."

"விளையாடுறேனா? எட்டு ஊரு ஏஜெண்ட்டுன்னு பேசுனப்பவும் யாரு ரகசியத்தையும் வெளிய விடாம நின்னியே, அது வரட்டும். வாசல்ல நின்னு ஒன் கதைய நீயே சொன்னியே, அந்தத் தெகிரியம் வரட்டும். கைய நீட்டு."

அவள் நீட்டினாள். நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொட்டுகள் நாக்கில் விழுந்தன. குழந்தை முகத்தைச் சுளித்துச் சப்புக்கொட்டியது. ஜோஸ்வாவுக்குக் கிடைக்காதது இந்தக் குழந்தைக்குத் தன் கையாலேயே கிடைத்துவிட்டதே என்று ஃபிளோரா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள்.

மருந்து கொடுத்தாயிற்று என்றாலும் நிச்சயமாகத் தெரிய பதினெட்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் தமிழரசன் ஒருநாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னான். "சாப்புட்டுட்டு மாத்திரையப் போடு" என்பதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. அறுப்பு முடிந்தது, நடவு வந்தது, மச்சாண்டார் மகன் வேறு யார் மூலமாகவோ கத்தார் போய்ச் சேர்ந்தான். அந்தப் பெருமையையும் ஊர் ஃபிளோரா தலையில்தான் கட்டியது.

கடைசிப் பரிசோதனைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பூவிழி மட்டும் உட்காரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் முழங்காலையும் பிடித்து, "பேரு? பேரு?" என்று விசாரித்தாள். பதில் வருவதற்குள் தன் மழலையில் நீளமாக ஏதோ கதை சொன்னாள். மின்விசிறியோடு பேசினாள், செருப்போடு பேசினாள். ஃபிளோராவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போன ஜெயபாரதி காகிதத்தோடு வெளியே வந்தாள். "இல்லையாம் அத்தை" என்றாள். மறுபடி, "பாப்பாவுக்கு இல்லவே இல்லையாம்" என்று சொல்லி, தமிழரசன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாட்ச்மேனிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபிளோராவின் மடியில் இறக்கினாள்.

"இந்தா புடி. சேனை வச்சவகிட்டேருந்து வாய மட்டும் எடுத்துக்கிட்டா. மத்தத விட்டுட்டா."