மூளிக் காலண்டர்

விருதுநகரில் இப்போது நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு தினசரி காலண்டர் அட்டை தொங்குகிறது. தேதித்தாளெல்லாம் கிழித்து முடிந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. அடியில் ஒரு பெயரும், 'கிளைச் செயலாளர்' என்ற பதவியும், ஊரும் அச்சாகியிருக்கின்றன. மேலே படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கிழிந்ததுமில்லை, வெளுத்ததுமில்லை. அப்படியேதான் அச்சாகி வந்தது. அதற்கு ஒருவகையில் நான்தான் காரணம்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பரோட்டாக் கடை, லாரி, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு அந்த வருடம் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அட்டை விளிம்புக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வாடகை குறைவு என்பதால் அங்கே ஒரு தெருவில் குடியிருந்தேன். தெருவே ஒரே வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகும். ஓட்டையும் ஒரே கட்சிக்குப் போடும். அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் எனக்கு அடுத்த வீடு. அவரும் ஆலைத் தொழிலாளிதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். அதன் மேல்தான் கட்சிக் கரை வேட்டி. பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவியே, "செயலாளரு சாப்பிட வாராகளா, இல்ல மகாநாடு இருக்கான்னு கேளுங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்புவார்.

கட்சித் தலைவர் இறந்ததும் அவருக்கு அடுத்திருந்த இருவர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தெருவில் அவர்களுக்கு மீசை, வழுக்கை என்று பெயர். இரண்டு பக்கத்திலிருந்தும் உறுப்பினர் படிவம் வந்தது. செயலாளர் இரண்டையும் வாங்கினார். வீடு வீடாகப் போய் அவரவர் விரும்பியதில் கையெழுத்து வாங்கி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எந்தப் பக்கமும் அனுப்பவில்லை. யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆலைக்கு ஆள் சேர்த்து வேன் ஏற்றும் ஏஜென்ட் அவருடைய மச்சினன். மீசை பக்கம் வெறியாக இருந்தான். யார் யார் எந்தப் பக்கம் என்று அவன் நச்சரித்தபோதெல்லாம் செயலாளர் பேச்சை மாற்றினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கட்சி ரெண்டாப் போகட்டும்லே. நமக்கு வேன் ஒண்ணுதான இருக்கு" என்றார்.

வருடாவருடம் வீட்டுக்கொரு காலண்டர் கொடுப்பது அவர் வழக்கம். அந்தக் கார்த்திகையில் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர், ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மீசையைப் போட்டால் ஒரு பக்கம், வழுக்கையைப் போட்டால் மறுபக்கம். இறந்த தலைவரை மட்டும் போடலாம் என்றால், அந்தப் படத்தையும் மீசைக்காரர் தன் அணியின் அடையாளமாக்கியிருந்தார். சாமி படம் போட இவருடைய கட்சி மனசு இடம் கொடுக்கவில்லை. டீ வாங்கி வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "வெறுமனே விட்டுருங்கண்ணே. அவுகவுக வேணுங்கறத ஒட்டிக்கிடட்டும்" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னது. அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, மேனேஜரிடம் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார். அந்த முப்பது அட்டைக்கும் நான்தான் தகரம் அடித்தேன்.

தெருவில் கொடுத்தபோது எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் படமில்லாத காலண்டரை யாராலும் சுவரில் வைத்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு மதினி ஆலையில் பட்டாசுத் திரி வெட்டுகிறவர். கட்சிப் போஸ்டரிலிருந்து வழுக்கைக்காரர் முகத்தைக் கத்தரித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "நல்ல நாளும் பொழுதுமா மூளியாத் தொங்குச்சு. கண்கொண்டு பாக்க முடியல தம்பி" என்றார். பொங்கலுக்குள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரு முகம் வந்துவிட்டது. தகரப் பெட்டியில் பூட்டி வைத்தது வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. செயலாளருக்கும் எனக்கும் அது உறைக்கவில்லை.

ஏஜென்டுக்கு உறைத்தது. எந்த வருடமும் இல்லாத வழக்கமாகப் பொங்கலன்று வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொன்னான். ஆலை திறந்த காலையில் ஆறு பேரை வேனில் ஏற விடவில்லை. ஆர்டர் கொறச்சல், சீசன் வந்தால் பார்க்கலாம் என்றான். ஆறும் வழுக்கை ஒட்டிய வீடுகள். மதினி சோற்று வாளியோடு நின்றார். ஏறி உட்கார்ந்திருந்த செயலாளர் இறங்கி வந்து, அவர்களை ஏற்றச் சொல்லி அவன் கையைப் பிடித்தார். அவன் மரியாதையாகவே பேசினான்.

"நீங்க வாயத் தொறக்கல மச்சான். சுவரு சொல்லிருச்சு."

வேன் அவரையும் விட்டுவிட்டுப் போனது.

அன்று மத்தியானம் கம்பெனிக்கு வந்து, கழிவுத் தாளில் ஒரே படம் முப்பது தேறுமா என்று கேட்டார். நிறம் பிசகிய குழந்தைப் படம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கன்னம் நீலம் பாய்ந்த, சிரிக்கிற குழந்தை. வாங்கிக்கொண்டு போய், பசைக் கிண்ணமும் கையுமாக ஒவ்வொரு வீட்டிலும் எல்லா முகத்தின் மேலும் அந்தக் குழந்தையை ஒட்டினார். நான் கூடவே போனேன். மதினி தடுக்கவில்லை. "ஒட்டுங்கண்ணே. உங்க மச்சினன் கண்ணு மேல எதை ஒட்டுவீக?" என்று மட்டும் கேட்டார். செயலாளர் தாளின் ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி நீவிக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு பேருக்கு வேன் கிடைக்கவில்லை. மதினி குடும்பம் மாசிக்குள் திருப்பூருக்குப் போனது. செயலாளரும் அந்த வேனில் பிறகு ஏறவில்லை. பஸ் பிடித்துத் தூரத்து ஆலை ஒன்றுக்குப் போனார். தலைவர் முகத்தை மறைத்த துரோகி என்று இரண்டு அணியும் அவரை நீக்கின. நானும் சித்திரையில் கிளம்பிவிட்டேன்.

போன வருடம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அந்தத் தெருவுக்கும் போனேன். மீசையும் வழுக்கையும் கைகோத்து நிற்கும் போஸ்டர் வரவேற்றது. கட்சி ஒன்றாகிவிட்டது. ஏஜென்ட்தான் இப்போது கிளைச் செயலாளர். ஆனாலும் செயலாளர் இன்னும் அதே வீட்டில்தானா என்று ஒரு பெண்ணிடம் நான் விசாரித்தபோது, "செயலாளரு வீடா? எந்தச் செயலாளரு, பழையவுகளா?" என்றுதான் கேட்டார். மதினி வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். குழந்தையின் மேல்பாதி உரிந்து தொங்க, அதன் சிரிப்புக்கு மேலே வழுக்கைக்காரரின் நெற்றி தெரிந்தது.

பழைய செயலாளர் கரையில்லாத வேட்டி கட்டியிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் மட்டும் அந்தக் காலண்டர் யார் முகமும் ஒட்டாமல் அப்படியே இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னதுதானலே. நீயே வச்சுக்க."

பாதி சிரிப்பாகத்தான் சொன்னார். மீதிப் பாதி என்னவென்று நான் கேட்கவில்லை.

நேற்று வீட்டுக்காரம்மா ஒரு முருகன் படத்தைக் கொண்டுவந்து, "குடியிருக்கிற எடத்துல இம்புட்டு மூளியாத் தொங்கவிடாதப்பா, ஒட்டிரு" என்றார். வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒட்டவில்லை.