வராத பிள்ளைக்கு என்ன மார்க்?

போன வெள்ளிக்கிழமை காலை பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். வசந்தாக்கா போன் செய்தார்.

“விஜி, என் சாஃப்ட்வேர் செத்துப்போச்சு. உடனே கெளம்பி வா லா!”

வசந்தாக்கா யார் என்று புதிய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூலிம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது பீடோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இலவசக் கணக்கு வகுப்பு நடத்துகிறார். சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள்தான் வருகிறார்கள்.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது ஆபத்து. சனிக்கிழமைகளில் மண்டபத்தை விசேஷங்களுக்கு விடலாம் என்று கமிட்டியில் பேச்சு. தலைவர் ஓய்வு பெற்ற விரிவுரையாளர். “வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க, வராத பிள்ளைங்க... ரெண்டு பேரோட பரீட்சை மார்க்கையும் ஒப்பிட்டுக் காட்டும்மா. வெறும் ஆவரேஜ் போதாது. வித்தியாசம் தற்செயலா வந்ததான்னும் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இடையில் ஒரே ஒரு சனிக்கிழமை!

அக்கா யார் பேச்சையோ கேட்டு, பெரிய பேர் உள்ள ஒரு புள்ளியியல் மென்பொருளை இறக்கி வைத்திருந்தார். இலவசம்தான் — சில நாளைக்கு மட்டும். கெடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டது. இலவசம் என்றால் எத்தனை நாளைக்கு இலவசம் என்று யார்தான் முதலிலேயே கேட்கிறோம்?

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேறு தேடினோம். முதலில் ‘ஆர்’ (R) என்ற மென்பொருள். நிஜமாகவே இலவசம், எந்நாளும் இலவசம். திறந்தால் ஒரு குச்சி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

“இது என்னா கேக்குது?”

“அது கேக்காதாம் அக்கா. நாமதான் கட்டளை எழுதணுமாம்.”

“இந்த வயசுலயா? மூடு லா.”

அடுத்து ஜமோவி. இதுவும் இலவசம். இடப்பக்கம் எக்செல் மாதிரி கட்டங்கள், வலப்பக்கம் விடை. மெனுவில் தட்டினால் போதும். ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட்டும் வேண்டாம். அக்கா வீட்டு லைன் மழை வந்தால் படுத்துவிடும் என்பதால் எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆரம்பக்காரர்கள் பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நூறு வித்தை வேண்டாம், நமக்கு வேண்டிய இரண்டு வித்தை கண்ணுக்குத் தெரிந்தால் சரி.

ஆனால் மார்க் வரிசையை, ஒப்பிடுவதற்கான பெட்டிக்குள் தள்ளினால் போகவே மாட்டேன் என்றது. மறுபடி தள்ளினோம். ம்ஹூம்!

அப்புறம்தான் புரிந்தது. பள்ளிக்கூடப் பட்டியலை அக்கா அப்படியே தட்டச்சு செய்திருந்தார். பரீட்சைக்கு வராத பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளிகளிலும் போடுவது போல் ‘TH’ — மலாயில் ‘திடாக் ஹாடிர்’, அதாவது வரவில்லை. எண்களுக்கு நடுவே எழுத்து இருந்தால் மென்பொருள் எப்படிக் கூட்டும்?

“எல்லாத்தையும் சைபரா மாத்திருங்க அக்கா” என்றேன், பெரிய நிபுணர் மாதிரி.

மாற்றினார். மார்க் வரிசை சமர்த்தாக உள்ளே போனது. விடையும் வந்தது. வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சராசரி, வராதவர்களுடையதைவிடக் குறைவு!

 அக்கா எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.  நாமே கைப்பட வகுப்பை மூடிவிட்டோமா?

தேத்தண்ணீர்க் குவளையோடு திரும்பி வந்தவர் என்னையே பார்த்தார். “ஏன் விஜி, காக் ரொஹானி ஒன்ன திட்டுனது மறந்து போச்சா?”

எப்படி மறப்பேன்? என்ன காலம் அது! விடிந்ததும் கம்பெனி பஸ், ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, ஒரே பொட்டலத்து நாசி லெமாக் சோற்றில் இரண்டு பேர் கை. மணிக்கொரு தரம் மெஷினிலிருந்து வரும் ஐந்து துண்டுகளை எடுத்து அளப்போம். கால்குலேட்டரில் கூட்டி ஐந்தால் வகுத்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுப்போம். மாதக் கடைசியில் அந்தத் தாளை இரண்டடி தள்ளி நின்று ரசிப்போம். மென்பொருள் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் மெஷின் பழுது. அந்த மணி நேரத்துக்கு நான் சைபர் போட்டுக் கோட்டை இழுத்துவிட்டேன். கோடு தரைக்குப் போனது. இன்ஜினியர் அலறியடித்து ஓடி வந்தார். எங்கள் மேற்பார்வையாளர் காக் ரொஹானி — ‘காக்’ என்றால் மலாயில் அக்கா — இடுப்பில் கை வைத்து மலாயில் சொன்னார்: “மெஷின் நின்றால் நின்றது என்று எழுது. அளக்காததற்கு அளவு போடாதே.”

அதே தப்பை அதே கையால் மறுபடி செய்திருக்கிறேன். இத்தனை வருட அனுபவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“TH போட்ட பிள்ளைங்க ஒம்போது பேரு, விஜி. எல்லாம் என் வகுப்பு. ஒரே தோட்டம். பரீட்சை அன்னிக்கு அவுங்க வேன் டயர் வெடிச்சி ரோட்டுலயே நின்னுருச்சு. வேன் கெட்டதுக்குப் பிள்ளைங்களுக்கு சைபரா?” அக்காவின் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது.

சைபர்களை அழித்தோம். கட்டங்களைக் காலியாகவே விட்டோம். ஜமோவி அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போனது. இப்போது வகுப்புப் பிள்ளைகள் மேலே இருந்தார்கள். ஆகாயத்துக்கு ஏறிவிடவில்லை... ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு மேலே.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம்.

“சரிம்மா, வகுப்பு நடக்கட்டும்” என்றார். அக்கா மூச்சு விடுவதற்குள் காலிக் கட்டங்களின் மேல் விரலை வைத்தார். “இந்த ஒம்போது பேரு எங்க?”

அக்கா வேன் கதையைச் சொன்னார்.  மண்டபத்தில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை — யாருடைய தம்பி மெக்கானிக், யார் வீட்டில் வேன் சும்மா நிற்கிறது, பரீட்சை நாளில் யார் ஓட்டுவது என்று. சராசரியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிட்டது. டயர்தான் வாங்க வேண்டும்!