குழு வேலையும் என் வயிற்றெரிச்சலும்

என்னோடு பாடம் நடத்துகிற இன்னொருத்தியின் ஆன்லைன் கூட்டத்தில் எப்போதும் சிரிப்புச் சத்தம். என்னுடையதில் என் குரலும் ஃபேன் சத்தமும்தான்.

முதுகலை மாணவர்களுக்கான ஆறு வாரப் படிப்பு அது. பாதிப் பேரை நான் போடிநாயக்கனூரிலிருந்து நடத்தினேன், மீதியை அவள் பக்கத்திலுள்ள தேவாரம் ஊரிலிருந்து. நாலு நாலு பேராகச் சேர்ந்து ஓர் அறிக்கை தரவேண்டும். தனியாளாகக் கொடுத்தால் செல்லாது. என்னைவிட வயதில் சின்னவள், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள், அவளுடைய குழுக்கள் மட்டும் எப்படிக் கலகலவென்று ஓடுகின்றன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து என் குழு ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து போனில் புகார் சொன்னார்கள். "மேடம், அந்தக்கா ரெண்டு கூட்டத்துக்கும் வரல. அவங்கள எடுத்துருங்க, நாங்களே முடிச்சிர்றோம்."

அந்தக்கா மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறவள். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஜீப்பில் அடிவாரத்துக் குரங்கணிக்கு இறங்கிய பிறகுதான் அவள் போனுக்கு உயிர் வரும். அதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். எடுத்துவிட்டால் அவள் படிப்பு அதோடு போச்சு.

மனசில்லாமல் தேவாரத்துக்காரியைக் கூப்பிட்டேன். சும்மா நலம் விசாரிப்பது போல ஆரம்பித்து, குழுக்களை எப்படி ஓட்டுகிறாள் என்று கேட்டேன்.

"மொத வாரம் நான் பாடச் சோலியே குடுக்க மாட்டேன்க்கா. எப்பப் பேசுவீக, ஒருத்தர் வரலைன்னா என்ன செய்வீக, நீங்களே முடிவு பண்ணி எழுதுங்கன்னுட்டு கூட்டத்த விட்டு வெளிய வந்துருவேன்."

"இதென்ன பெரிய வித்தையா? எனக்குத் தெரியாததா?"

"தெரியும்க்கா. ஆனா நீங்க வெளிய வரணும்ல! வயித்தெரிச்சலுக்கு மோரு குடிங்க, எனக்குப் போன் போட்டா அடங்காது."

கண்டுபிடித்துவிட்டாள், சண்டாளி.

மறுநாள் கூட்டத்தைச் சாயங்காலம் ஜீப் இறங்கும் நேரத்துக்குத் தள்ளினேன். நாலு பேரும் வந்தார்கள். தேவாரத்துக்காரி சொன்னதையே என் யோசனை போலச் சொல்லிவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு வெளியேறினேன். நான் இருந்தவரை புகார் என்னிடம் வந்தது. நான் போனதும் அந்தத் தோட்டத்துக்காரியிடமே கேட்டிருக்கிறார்கள், "ஏங்க்கா வரல?" என்று. அவள் சிக்னல் இல்லாததைச் சொன்னாள். ஜீப்பில் வரும்போதே தன் பங்கைப் பேசிப் பதிவு செய்து, குரங்கணியில் அனுப்புவது; மற்றவர்கள் கேட்டு எழுதுவது என்று முடிவாயிற்று.

ஒரு பதிவை எனக்கும் அனுப்பினார்கள். ஜீப் இரைச்சலுக்கு நடுவே அவள் அறிக்கைக்காகத் தோட்டத்துக் கூலிமுறையை விளக்குகிறாள். பின்னாலிருந்து காய் பறிக்கும் பெண் ஒருத்தி, "ஆத்தாடி, தனியாப் பேசுறா! வெரசா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போங்கடி!" என்கிறாள். ஜீப்பே சிரிக்கிறது.

நாலு பேர் பெயரோடும் அறிக்கை வந்தது. நல்ல அறிக்கை. அந்த ஜீப் பதிவையும் சொல்லி நான் பாராட்டியபோது ஒருவன் உளறிவிட்டான்: "இதவிடச் சிரிப்பெல்லாம் எங்க வாட்ஸாப் குரூப்புல இருக்கு மேடம்."

அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என்னைச் சேர்க்கவில்லை. சேர்க்காததுதான் சரி என்று தேவாரத்துக்காரி சொல்வாள். நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. அந்த ஜீப்பில் இன்னும் என்னவெல்லாம் பேசினார்களோ!